லீனியருக்கு ட்ரைவ் எவ்வளவு குடுக்கிறது? யாழ்ப்பாணத்தில அடிக்கடி கேக்கிற கேள்வியளும் பதில்களும்

புதுசா அமெச்சூர் ரேடியோ லைசென்ஸ் எடுத்த பெடியள், கன வருசமா சும்மா இருந்திட்டு இப்ப திரும்ப ரிக்கை, அதாவது ரேடியோ செற்றை, தூசி தட்டி எடுத்த அண்ணைமார், எல்லாரும் என்னட்டக் கேக்கிறது கடைசியில ஒரே விசயம்தான். லீனியர் (ரிக்கின்ர பவரைப் பெருப்பிக்கிற அம்ப்ளிபயர்) வாங்கியாச்சு, அதுக்கு எவ்வளவு ட்ரைவ் குடுக்கிறது? ஃபோனில ஒவ்வொருத்தருக்கும் அரை மணித்தியாலம் சொல்லிச் சொல்லி, சொல்லேக்க ஒண்டு விட்டுப்போக அவர் அதில பிழைவிட, பேந்து நான் கவலைப்படுறதும் நடக்குது. அதால ஒருக்கா வடிவா எழுதி வைக்கிறன். பெரும்பாலும் எச்எஃபில (தூரம் போற சிற்றலை) எஸ்எஸ்பியில (குரலை ஒரு பக்கத்தில மட்டும் அனுப்புற முறை) கதைக்கிறதைப் பற்றித்தான், இடையில மற்றதுகளும் வரும்.

முதல்ல, ட்ரைவ் எண்டா என்ன?

ரிக்கில இருந்து லீனியருக்குள்ள போற பவர்தான் ட்ரைவ். லீனியர் அதைப் பெருப்பிச்சு அன்ரெனாவுக்கு அனுப்பும். 10 டீபீ கெயின் (டீபீ எண்டது பவரின்ர விகிதம், 10 டீபீ எண்டா பத்து மடங்கு) உள்ள லீனியர் எண்டா 50 வாட் உள்ள போக 500 வாட் வெளிய வரும். லீனியர் எண்ட பேரே அதுக்குத்தான், உள்ள போறதின்ர வடிவம் மாறாமல் வெளிய வரவேணும். உள்ள இரண்டு மடங்கு போனா வெளியயும் இரண்டு மடங்கு வரவேணும். அப்பிடி வாறது ஒரு எல்லை வரைக்கும்தான், அந்த எல்லை எங்க எண்டு கண்டுபிடிச்சு அதுக்குக் கீழ நிக்கிறதைப் பற்றித்தான் இந்த முழு எழுத்தும்.

ட்ரைவைக் கூட்டக் கூட மீற்றர் ஏறுதுதானே, ஏன் நிப்பாட்டவேணும்?

ஏறும், ஆனா ஏறுற வீதம் குறையும். 40 வாட் குடுக்க 400 வருகுது, 60 குடுக்க 600 வருகுது, 80 குடுக்க 800 வரவேணும், ஆனா 700தான் வருகுது எண்டு வையுங்கோ. அந்த வராத 100 வாட் எங்க போச்சு? உங்கட குரலின்ர உச்சியளை லீனியர் வெட்டிப்போட்டுது. ஸ்கோப்பில (அலையின்ர வடிவத்தைத் திரையில காட்டுற கருவி) பாத்தா கூர்ப்பா இருக்கவேண்டிய உச்சி மேசை மாதிரித் தட்டையா இருக்கும். இதைத்தான் ஃபிளாட் ரொப்பிங் எண்டுறது.

கோயில் திருவிழா நேரம் கூம்பு ஸ்பீக்கரைக் கேட்டிருப்பீங்கள். சவுண்ட்காரர் வொலியூமை முழுசாத் திருப்பி விட்டா நாதஸ்வரம் நாதஸ்வரமா வராது, கிழிஞ்சு வரும். சத்தம் அரை மைல் தூரம் கேக்கும், ஆனா என்ன வாசிக்கிறார் எண்டு விளங்காது. ஸ்பீக்கரில எண்டா கிழியிற சத்தம் கேக்கிற ஆளின்ர காதோட நிண்டிடும். ரேடியோவில அது பக்கத்து அலைவரிசையில கதைச்சுக்கொண்டிருக்கிற, உங்களோட ஒரு சம்பந்தமும் இல்லாத ஆளின்ர தலையில போய் விழும்.

கணக்கையும் ஒருக்காப் பாருங்கோ. 600 வாட்டுக்கும் 750 வாட்டுக்கும் உள்ள வித்தியாசம் 1 டீபீ. ஒரு எஸ் யூனிற் (ரிசீவரின்ர சிக்னல் மீற்றரில ஒரு படி) எண்டா 6 டீபீ. அப்ப நீங்கள் லீனியரைக் கசக்கிப் பிழிஞ்சு எடுத்த அந்த 150 வாட், தூரத்தில கேக்கிறவருக்கு ஒரு எஸ் யூனிற்றில ஆறில ஒரு பங்கு. அவற்ற மீற்றர் ஊசி அசைஞ்சதையே அவர் காணமாட்டார். ஆனா மூண்டாம் வரிசை ஐஎம்டி (குரலின்ர அலைகள் லீனியருக்குள்ள ஒண்டோட ஒண்டு கலந்து பிறக்கிறது) எண்ட குப்பை, ட்ரைவ் 1 டீபீ கூட அது 3 டீபீ கூடும், எல்லைக்குக் கிட்ட வந்திட்டா அதையும் விட வேகமா ஏறும். கேக்கிறவருக்கு ஒண்டும் கிடைக்கேல்ல, பக்கத்து ஆளுக்கு மட்டும் கரைச்சல் கூடிப்போச்சு.

ஸ்பிளாட்டர் (இந்தச் சிதறுற குப்பை) எப்பிடி பக்கத்து அலைவரிசைக்குப் போகுது? எனக்கு ஃபில்ரர் இருக்குதே.

இது நிறையப்பேருக்கு விளங்காத இடம், ஒரு உதாரணத்தோட சொல்லுறன். 40 மீற்றர் பாண்டில 7100 கிலோஹேர்ட்ஸில எல்எஸ்பியில (குரல் அந்த இலக்கத்துக்குக் கீழ்ப் பக்கம் மட்டும் போற எஸ்எஸ்பி) நிக்கிறீங்கள். சோதிக்கிறதுக்கு 700 ஹேர்ட்ஸும் 1900 ஹேர்ட்ஸும் எண்டு இரண்டு ரோன் (ஒரே சுருதியில நிக்கிற ஒலி) குடுக்கிறீங்கள். வெளிய வரவேண்டியது 7099.3, 7098.1 இந்த இரண்டும்தான். லீனியர் வெட்டத் தொடங்கினா இந்த இரண்டும் ஒண்டோட ஒண்டு கலந்து, 7100.5 இலயும் 7096.9 இலயும் புதுசா இரண்டு முளைக்கும். இது மூண்டாம் வரிசை. ஐஞ்சாம் வரிசை 7101.7 இலயும் 7095.7 இலயும் முளைக்கும். அதுக்கு மேல ஏழாம் வரிசை, ஒன்பதாம் வரிசை எண்டு போகும். நீங்கள் எல்எஸ்பியில நிக்கிறீங்கள், 7100 க்கு மேல உங்கட ஒண்டும் இருக்கக்கூடாது, ஆனா இருக்கு.

ரிக்குக்குள்ள இருக்கிற 2.4 கிலோஹேர்ட்ஸ் ஃபில்ரர் லீனியருக்கு முன்னால இருக்கு, குப்பை பிறக்கிறது லீனியருக்குள்ள. லீனியரின்ர வெளி வாசலில இருக்கிற லோ பாஸ் ஃபில்ரர் 14 மெகாஹேர்ட்ஸ், 21 மெகாஹேர்ட்ஸ் எண்டு வாற ஹார்மோனிக்கைத்தான் பிடிக்கும், ஒன்றரைக் கிலோஹேர்ட்ஸ் தள்ளி இருக்கிறதைப் பிடிக்க அதால ஏலாது. பிறந்த பிறகு ஒண்டும் செய்யேலாது, பிறக்காமல் பாக்கிறது ஒண்டுதான் வழி.

எங்களுக்கு 40 மீற்றர் 7000 தொடக்கம் 7200 வரைக்கும்தான். அதுக்குள்ள நாங்களும் கடலுக்கு அங்கால தமிழ்நாட்டு ஆக்களும் கேரளா ஆக்களும் மிச்ச இந்தியாவும் பின்னேரத்தில நெருக்கிப்பிடிச்சு நிக்கிறம். எஸ்எஸ்பிக்கு ஒருத்தருக்கு 3 கிலோஹேர்ட்ஸ் போதும். ஸ்பிளாட்டர் பண்ணுற ஒரு ஸ்ரேசன் பத்துப் பன்ரெண்டு கிலோஹேர்ட்ஸைத் திண்டிடும், நாலு பேர் இருந்து கதைக்கக்கூடிய இடம்.

என்ர முதல் லீனியர் நாலு 811ஏ ரியூப் (வெற்றிடக் குழாய்) போட்டது. பழசு, ஆனா நல்ல சாமான். அதை முதல் நாள் ஓட விட்டு ரிக்கை முழு 100 வாட்டில வைச்சு மீற்றர் ஏறுறதைப் பாத்துச் சந்தோசப்பட்டுக்கொண்டு கதைக்கிறன், 5 கிலோஹேர்ட்ஸ் மேல இருந்து ஒரு வயசுபோன ஆள், தமிழ்நாட்டு ஸ்ரேசன், கோவிக்காமல் ஆறுதலா என்ர கோல்சைனைக் கூப்பிட்டு, தம்பி நீங்கள் கதைக்கிற ஒவ்வொரு சொல்லும் இஞ்ச டப் டப் எண்டு விழுது, எங்கட ஆக்களில ஒருத்தற்ற சிக்னல் வலு குறைவு, அவரைக் கேக்க ஏலாமல் இருக்கு எண்டு சொன்னார். எனக்கு அண்டைக்கு வந்த வெக்கம் இண்டைக்கும் இருக்கு. அதுக்குப் பிறகுதான் இதெல்லாத்தையும் ஒழுங்காப் படிச்சனான்.

என்ர ரிக் 100 வாட். அப்ப எவ்வளவில வைக்கிறது?

லீனியரின்ர புத்தகத்தில முழு அவுட்புட்டுக்கு எவ்வளவு ட்ரைவ் வேணும் எண்டு போட்டிருக்கும், அதைத்தான் மேல் எல்லையா எடுக்கவேணும். பிறகு அதிலயிருந்து கொஞ்சம் கீழ வாங்கோ. 65 வாட் போட்டிருந்தா நான் 50 இல வைப்பன். 65 க்கும் 50 க்கும் இடையில 1.1 டீபீதான், ஒருத்தருக்கும் தெரியாது, ஆனா லீனியருக்கு மூச்சு விட இடம் கிடைக்கும்.

லைசென்ஸில எவ்வளவு பவர் எழுதியிருக்கோ அதுக்கு மேல போகாதேங்கோ. லீனியரால ஏலும் எண்டது வேற, உங்களுக்கு விட்டிருக்கு எண்டது வேற. ஒவ்வொரு வகுப்புக்கும் வேற வேற, உங்கட கடதாசியை எடுத்துப் பாருங்கோ.

ரியூப் லீனியரை ரியூன் பண்ணுற ஒழுங்கான முறை என்ன? ஆளுக்கு ஆள் ஒவ்வொண்டு சொல்லினம்.

ஓம், சொல்லுவினம். கூடுதலான பிழை நடக்கிறதும் இஞ்சதான், அதால இதை நீட்டித்தான் சொல்லவேணும்.

முதல்ல டம்மி லோட், அன்ரெனாவுக்குப் பதிலாக் கொழுவி பவரைச் சூடாக்கி விழுங்க வைக்கிற ரெசிஸ்ரர். அன்ரெனாவில ரியூன் பண்ணப் போகாதேங்கோ, முழு ஆசியாவும் உங்கட ரோனைக் கேக்கத் தேவையில்லை. 50 ஓம் டம்மி லோட் ஒண்டு கட்டாயம். வாங்கக் காசில்லையெண்டா பெயின்ற் வாளிக்குள்ள ரான்ஸ்போமர் எண்ணெய் விட்டு, அதுக்குள்ள கம்பி சுத்தாத ரெசிஸ்ரர்களைப் போட்டுச் செய்யலாம். கம்பி சுத்தின வகை கூடாது, அது எச்எஃபில கொயில் மாதிரி வேலை செய்து கணக்கைக் குழப்பிப்போடும்.

பிறகு ட்ரைவ் ஒண்டும் இல்லாமல் லீனியரைக் கீ பண்ணி (அனுப்புற நிலைக்கு மாத்தி) ஐடில் கரண்ட் புத்தகத்தில இருக்கிற அளவுக்கு வருதோ எண்டு பாருங்கோ. அது குறைவா இருந்தா மெல்லிய குரல் பகுதியள் முறிஞ்சு வரும். பயஸ் (ஐடில் கரண்டைத் தீர்மானிக்கிற வோல்ற்றேஜ்) பிழையா இருந்தா ட்ரைவை எவ்வளவு குறைச்சாலும் சுத்தம் வராது, இதை ஒருத்தரும் பாக்கிறேல்ல.

அடுத்தது 15, 20 வாட் குடுத்து பிளேட் கொண்டென்சரைத் திருப்பி அவுட்புட்டை உச்சத்துக்குக் கொண்டுவாங்கோ. அவுட்புட் மீற்றரைப் பாத்துச் செய்யுங்கோ. பிறகு லோட் குமிழ் (அன்ரெனாப் பக்கத்துக் கொண்டென்சர்). பிறகு திரும்ப பிளேட். இப்ப ட்ரைவைக் கூட்டுங்கோ, 30, 40, ஒவ்வொரு படியிலயும் இரண்டையும் திரும்பத் தொடவேணும். நீங்கள் பாவிக்கப்போற உச்ச ட்ரைவ் வரைக்கும் போய் அங்கதான் கடைசி ரியூனிங்கை முடிக்கவேணும்.

20 வாட்டில ரியூன் பண்ணிப்போட்டு அப்பிடியே விட்டிட்டு பிறகு 60 வாட்டில கதைக்கிற ஆக்கள் இருக்கினம். அது பெரிய பிழை. ரியூபுக்கு எந்த லோட் பொருந்தும் எண்டது பவரோட மாறும், சின்னப் பவரில பொருத்தி வைச்சா பெரிய பவர் வரேக்க லோட் போதாமல், உச்சி அங்கயே வெட்டுப்படும். மற்றப்பக்கம் பரவாயில்லை, உச்ச ட்ரைவில ரியூன் பண்ணிப்போட்டு பேந்து ட்ரைவைக் குறைச்சா வினைத்திறன் கொஞ்சம் குறையும், சுத்தம் கெடாது.

கடைசியா நான் எப்பவும் செய்யிறது ஒண்டு: உச்சத்துக்கு வந்த பிறகு லோட்டை இன்னும் ஒரு துளி கூட்டுவன், அவுட்புட் மீற்றர் ஒரு நூல் இறங்கும் வரைக்கும். அந்த ஒரு நூலுக்கு லீனியர் இன்னும் சுத்தமா ஓடும்.

விட்டு விட்டுச் செய்யுங்கோ. ஐஞ்சு செக்கன் கீ, பிறகு பத்து பதினைஞ்சு செக்கன் ஆறவிடுங்கோ. இல்லாட்டி எலக்ட்ரோனிக் கீயரில டிட் டிட் எண்டு விட்டா பாதி நேரம்தான் கரண்ட் போகும், ரியூப் அவ்வளவு சூடாகாது. பிளேட், லோட் இலக்கங்களை ஒவ்வொரு பாண்டுக்கும் ஒரு கொப்பியில எழுதி வையுங்கோ, அடுத்த முறை அரைவாசி வேலை மிச்சம்.

கிரிட் மீற்றரை ஏன் எல்லாரும் பார் பார் எண்டு சொல்லினம்?

அவுட்புட் மீற்றர் சொல்லாததை அது சொல்லும். கிரிட் எண்டது ரியூபுக்குள்ள கரண்டை ஆளுற கம்பி வலை, பிளேட் எண்டது அந்தக் கரண்ட் போய்ச் சேருற தகடு. 3-500இசட் ரியூப் ஒண்டு முழுசா ஓடேக்க பிளேட் 400 மில்லிஅம்பியர், கிரிட் 115, 120 அளவில நிக்கும். கிட்டத்தட்ட மூண்டில ஒரு பங்கு. கிரிட் அதுக்கு மேல ஏறி பிளேட் ஏறாமல் நிண்டா லோட் காணாது எண்டு அர்த்தம். லோட்டைக் கூட்டினா கிரிட் இறங்கி பிளேட் ஏறும். அப்பிடியும் இறங்காட்டி ட்ரைவ் கூடிப்போச்சு. ரியூபின்ர கிரிட் மெல்லிய கம்பி, அது தாங்கிற சூடு குறைவு, பிளேட் சிவக்கிறது உங்களுக்குக் கண்ணில தெரியும், கிரிட் வேகிறது தெரியாது. ரியூப் செத்த பிறகுதான் தெரியும்.

ஜியூ-74பி மாதிரி ரெட்ரோட் (இரண்டு கிரிட் உள்ள) ரியூப் எண்டா கதை வேற. அதில முதல் கிரிட்டில கரண்ட் வரவே கூடாது, ஊசி அசையத் தொடங்கினதே எல்லை தாண்டினதுக்கு அடையாளம். அந்த இடத்தில ட்ரைவைக் குறைச்சுப்போடுங்கோ.

என்ர லீனியர் ரியூப் இல்லை, எல்டிமோஸ் (ஒரு வகைப் பவர் ரான்சிஸ்ரர்). ரியூன் பண்ணுற வேலை இல்லைத்தானே?

வேலை இல்லை, ஆனா ஆபத்துக் கூட. ரியூப் பிழை விட்டா ஒரு நிமிசம் பொறுத்துக்கொள்ளும், எல்டிமோஸ் பொறுக்காது, கண் மூடித் திறக்கிறதுக்குள்ள போயிடும். பிஎல்எஃப்188எக்ஸ்ஆர் மாதிரி ரான்சிஸ்ரருக்கு நாலைஞ்சு வாட் உள்ள போனாலே 1 கிலோவாட்டுக்குக் கிட்ட வந்திடும். அதுக்கு 100 வாட் ரிக்கை நேர கொழுவினா என்ன நடக்கும் எண்டு சொல்லத் தேவையில்லை.

அதால முன்னுக்கு அற்றனுவேற்றர் (பவரைக் குறைக்கிற ரெசிஸ்ரர் சேர்க்கிற், பாட் எண்டும் சொல்லுவினம்) இருக்கவேணும். 10 டீபீ பாட் போட்டா 50 வாட் போக 5 வாட்தான் ரான்சிஸ்ரருக்குப் போகும், மிச்ச 45 வாட்டும் பாட்டில சூடாகும், அதுக்கேற்ற ரெசிஸ்ரரும் ஹீற் சிங்கும் வேணும். பழைய லீனியர் வாங்குற ஆக்கள் கட்டாயம் திறந்து பாத்து அந்த பாட் இருக்கோ எண்டு பாருங்கோ. எனக்குத் தெரிஞ்ச ஒரு பெடியன் பாவிச்ச லீனியர் ஒண்டை நல்ல விலைக்கு வாங்கினான். முதல் வைச்சிருந்த ஆள் 5 வாட் ரிக்கோட பாவிக்கிறதுக்காகப் பாட்டைக் கழட்டிப்போட்டிருக்கிறார், சொல்லேல்ல. பெடியன் முதல் தரம் பிரஸ் பண்ணினதோட சரி.

ரிக்கை 30 வாட்டில வைச்சிருக்கிறன், அப்பிடியிருந்தும் லீனியர் ட்ரிப் ஆகுது. ஏன்?

ஓவர்ஷூட். கனக்க ரிக்குகளில இந்தக் குறை இருக்கு, புதுசிலயும் இருக்கு. பவர் குமிழை 30 இல வைச்சா ரிக் உள்ளுக்க என்ன செய்யுது எண்டா, வெளிய போற பவரை அளந்து, கூடினா ஏஎல்சியால (பவரைத் தானாக் கட்டுப்படுத்துற சேர்க்கிற்) பின்னுக்கு இழுக்குது. இழுக்கிறதுக்கு ஒரு சில மில்லிசெக்கன் எடுக்கும். அந்த இடைவெளிக்குள்ள, நீங்கள் சும்மா இருந்திட்டு முதல் சொல்லைச் சொல்லேக்க, 80, 100 வாட் ஒரு குத்தா வெளிய போயிடும். சாதாரண மீற்றர் ஊசி இதைக் காட்டாது, அதுக்கு வேகம் காணாது. லீனியரின்ர பாதுகாப்புச் சேர்க்கிற் காணும், காணாட்டி ரான்சிஸ்ரர் காணும்.

ரிக்கை மட்டும் டம்மி லோட்டில விட்டு, ஸ்கோப்பில ஒரு ஹலோ சொல்லிப் பாருங்கோ. 30 வாட் எண்டா 50 ஓமில உச்சி 55 வோல்ற்றில நிக்கவேணும். 100 வோல்ற்றுக்கு ஒரு குத்து எழும்பினா அது 100 வாட். அப்பிடி எழும்புற ரிக்குக்கு நல்ல வழி, ரிக்கைக் கூடுன பவரில வைச்சு இடையில அற்றனுவேற்றர் போடுறது. அப்ப ரிக்கால எவ்வளவு குத்தினாலும் லீனியருக்குப் போறதுக்கு ஒரு உச்சவரம்பு இருக்கும்.

லீனியரில இருந்து ரிக்குக்கு ஏஎல்சி வயர் குடுத்தா எல்லாம் தானாச் சரிவரும் எண்டு சொல்லினமே?

நான் அப்பிடி நினைக்கேல்ல. அந்த வயரால லீனியர், கூடிப்போச்சு எண்டு ஒரு நெகற்றிவ் வோல்ற்றேஜை ரிக்குக்கு அனுப்பும், கன ரிக்குகளுக்கு 0 தொடக்கம் −4 வோல்ற். ரிக் அதைப் பாத்துக் குறைக்கும். ஆனா மேல சொன்ன அதே பிந்துற பிரச்சினை இதிலயும் இருக்கு, சில சோடியளில ரிக்கும் லீனியரும் ஒண்டையொண்டு இழுத்து பவர் ஊஞ்சல் மாதிரி ஏறி இறங்கும். ஏஎல்சியை கிணத்துக்கட்டு மாதிரி வையுங்கோ. தவறி விழாமல் இருக்கிறதுக்குத்தான் கட்டு, நெடுக அதில சாஞ்சுகொண்டு நிக்கிறதுக்கில்லை. ரிக்கின்ர பவரை ஒழுங்கா வைச்சா கதைக்கேக்க லீனியரின்ர ஏஎல்சி வேலை செய்யவே தேவை வராது. வயரைக் குடுங்கோ, பாதுகாப்புக்கு இருக்கட்டும், அதை நம்பி ட்ரைவைக் கூட்டாதேங்கோ.

மைக் கெயின், கொம்பிரஸர்?

ரிக்கின்ர ஏஎல்சி மீற்றர் உரத்த சொல்லுகளுக்கு மட்டும் கொஞ்சம் அசையட்டும், அவ்வளவும் காணும். கொம்பிரஸர் உச்ச பவரைக் கூட்டாது, சராசரியைத்தான் கூட்டும். கொஞ்சம் போட்டா தூரத்துக்கு விளங்கும், நிறையப் போட்டா நீங்கள் கதைக்காத நேரத்தில லீனியரின்ர காத்தாடிச் சத்தமும் பக்கத்து வளவு நாயும் முழுப் பவரில போகும்.

மீற்றர் 150 வாட்தான் காட்டுது, லீனியர் 500 எண்டு போட்டிருக்கு. ட்ரைவ் காணாதோ?

காணும்! இதால எத்தினை பேர் ட்ரைவைக் கூட்டிக் கெடுத்திருக்கினம். சாதாரண வாட் மீற்றர் சராசரியைத்தான் காட்டும். மனுசர் கதைக்கேக்க உச்சி வந்து வந்து போகும், இடையில வெறுமை, அதால கொம்பிரஸர் இல்லாமல் சராசரி உச்சத்தின்ர கால்வாசி, மூண்டில ஒண்டு எண்டுதான் வரும். 150 காட்டினா உச்சம் 500 இல நிக்கலாம். பீக் ஹோல்ட் உள்ள மீற்றர் எடுங்கோ, இல்லாட்டி ஸ்கோப். ஸ்கோப்பை நேர குடுக்காதேங்கோ, 500 வாட் எண்டா 50 ஓமில உச்சிக்கு உச்சி 447 வோல்ற். 40 டீபீ ராப் (சிக்னலில ஒரு சின்னப் பங்கை மட்டும் எடுக்கிறது) ஒண்டு போட்டா அது நாலரை வோல்ற்றா வரும், பயமில்லாமல் பாக்கலாம்.

பகலில சுத்தமாம், இரவில ஸ்பிளாட்டராம். நான் ஒண்டையும் தொடேல்ல.

நீங்கள் தொடேல்ல, கரண்ட் மாறியிருக்கு. என்ர வீட்டில பகலில 230, 235 நிக்கிற மெயின்ஸ், ஏழு மணிக்கு எல்லாரும் லைற், ஃபான், மோட்டர் எண்டு போட 205 க்கு இறங்கும். ரியூப் லீனியரின்ர ஹை வோல்ற்றேஜ் ரான்ஸ்போமரால நேர வாறது, மெயின்ஸ் இறங்க அதுவும் அதே வீதத்தில இறங்கும். 205 ஐ 230 ஆல பிரிச்சா 0.89, பவர் வோல்ற்றேஜின்ர வர்க்கத்தோட போறதால 0.79. பகலில 600 வாட் சுத்தமாக் குடுத்த லீனியர் இரவில 475 இலயே வெட்டத் தொடங்கும். ட்ரைவ் அதேதான், எல்லை கீழ வந்திட்டுது. ஃபிலமென்ற் வோல்ற்றேஜும் சேந்து இறங்கும், 3-500இசட்டுக்கு 5 வோல்ற், அது குறைஞ்சா ரியூபால குடுக்கக்கூடிய கரண்டும் குறையும்.

தொண்ணூறுகளில இஞ்ச கரண்டே இல்லாத காலம் சைக்கிள் டைனமோவைச் சுத்தி ரேடியோ கேட்ட ஆக்களுக்கு இது சொல்லாமலே விளங்கும். மிதிக்கிறவர் களைச்சாரெண்டா செய்தி வாசிக்கிறவற்ற குரல் கரகரத்துக் கிழியும். லீனியருக்கும் அதேதான் நடக்குது.

ஷாக்கில (ரேடியோ அறையில) ஒரு வோல்ற்மீற்றரை நிரந்தரமாக் கொழுவி விடுங்கோ, ட்ரைவ் இலக்கத்தை இரவு வோல்ற்றேஜுக்கு ஏற்ற மாதிரி எழுதி வையுங்கோ. நான் கொப்பியில பகலுக்கு ஒண்டு, இரவுக்கு ஒண்டு எண்டு இரண்டு வைச்சிருக்கிறன். ஜெனரேற்றரில ஓடுற ஆக்கள் இன்னும் கவனம்.

ரிக்கின்ர 13.8 வோல்ற்றையும் பாருங்கோ. பவர் சப்ளையில இல்லை, ரிக்கின்ர சொக்கற்றில, கதைச்சுக்கொண்டு இருக்கேக்க. மெல்லிய வயர், இழகின ஃபியூஸ் ஹோல்டர், கடல் காத்தில பச்சை பிடிச்ச முனை, இதெல்லாம் சேந்து 12 க்குக் கீழ இழுத்துப்போடும். அப்ப ரிக்கே குப்பையைத்தான் வெளிய விடும், லீனியர் அந்தக் குப்பையைப் பெருப்பிக்கும். உள்ள போறதை விடச் சுத்தமா வெளிய வராது.

எஃப்ரி8 க்கு (கொம்பியூட்டரால செய்தி அனுப்புற டிஜிற்றல் முறை) எவ்வளவு?

எஃப்ரி8 ஒருத்தற்ற சிக்னல் 50 ஹேர்ட்ஸ் அகலம்தான், பவர் ஒரே மட்டத்தில 12.64 செக்கன் விடாமல் நிக்கும். லீனியருக்கு அது கதைக்கிறதை விடப் பாரம், முழுப் பவரில அரைவாசிக்கு மேல வைக்காதேங்கோ. கொம்பியூட்டரின்ர ஓடியோவைக் குறைச்சு ரிக்கின்ர ஏஎல்சி அசையாத இடத்தில விடுங்கோ. ஓடியோ கூடிப்போனா 700 ஹேர்ட்ஸில நிக்கிற உங்களின்ர பிரதி 1400 இலயும் 2100 இலயும் வோட்டர்ஃபோலில (சிக்னல்களைப் படமாக் காட்டுற திரை) நிக்கும். மென்பொருளில ஸ்பிளிற்றை (ரிக்கின்ர அலைவரிசையை மென்பொருளே மாத்துற வசதி) போட்டா ரோன் 1500 க்கு மேல நிக்கும், அதின்ர இரட்டிப்பு ரிக்கின்ர ஃபில்ரருக்கு வெளிய போயிடும்.

டம்மி லோட்டில வடிவா இருக்கு, அன்ரெனாவுக்கு மாத்தினா குரல் முறியுது.

அப்ப ட்ரைவில பிழை இல்லை. ஆர்எஃப் (ரேடியோ அலை) திரும்பி வந்து மைக் வயருக்குள்ள ஏறுது. கோக்ஸை (அன்ரெனாவுக்குப் போற கேபிள்) அது வீட்டுக்குள்ள வாற இடத்தில மிக்ஸ் 31 ஃபெரைற் வளையத்தில சுத்துங்கோ, மைக் வயருக்கும் ஒண்டு. பனையில கட்டின டைபோல் எண்டா கார்த்திகை, மார்கழி மழைக்கு ஓலை முட்டி எஸ்டபிள்யூஆர் (அன்ரெனா எவ்வளவு பொருந்துது எண்ட அளவு) மாறும், அதையும் பாருங்கோ. லோட் மாறினா லீனியரைத் திரும்ப ரியூன் பண்ணத்தான் வேணும்.

ஒன்லைனில மலிவா வாற சின்ன கிற் லீனியர்கள் எப்பிடி?

வெளிவாசலில ஒவ்வொரு பாண்டுக்கும் லோ பாஸ் ஃபில்ரர் இல்லாட்டி காத்தில விடாதேங்கோ. 2 மீற்றர் எஃப்எம்முக்கு எண்டு செய்த கிளாஸ் சி அம்ப்ளிபயரில எஸ்எஸ்பி கதைக்கவே கூடாது, எந்த ட்ரைவிலயும் அது சுத்தமா வராது.

ஸ்கோப் இல்லை. சுத்தமோ இல்லையோ எண்டு எப்பிடி அறியிறது?

காதுள்ள ஒரு கூட்டாளி காணும். ஆனா சரியாக் கேளுங்கோ. என்ர ஓடியோ எப்பிடி எண்டு கேட்டா எல்லாரும் நல்லாயிருக்கு எண்டுதான் சொல்லுவினம், ஏனெண்டா அவை உங்கட அலைவரிசையில இருந்து கேக்கினம். 3 கிலோஹேர்ட்ஸ் மேலயும் கீழயும், பிறகு 5, பிறகு 8 எண்டு தள்ளிப் போய்க் கேக்கச் சொல்லுங்கோ. எல்எஸ்பியில எண்டா மேல் பக்கம் கெதியாக் காட்டிக்குடுக்கும். அவர் பக்கத்து ஊரில இருந்தா உங்கட சிக்னல் அவற்ற ரிசீவரையே நிரப்பி, இல்லாத ஸ்பிளாட்டரையும் இருக்கிற மாதிரிக் காட்டும். அதால பிரீஅம்பை நிப்பாட்டி அற்றனுவேற்றர் போட்டுக் கேக்கச் சொல்லுங்கோ. கொழும்பில இருக்கிற ஆள் எண்டா இன்னும் நல்லம், நடுவான தூரம், பகலில 40 மீற்றர் வடிவாப் போகும். வோட்டர்ஃபோல் உள்ள ரிக்காரர் ஒரு படம் எடுத்து அனுப்பினா கையோட தெரியும்.

ஒருத்தர் வந்து ஸ்பிளாட்டர் எண்டு சொன்னா என்ன செய்யிறது? அவற்ற ரிசீவரில பிழையா இருக்கலாம்தானே.

இருக்கலாம். ஆனா முதல்ல நன்றி சொல்லுங்கோ, அவர் சொல்லாமல் டயலைத் திருப்பிப்போட்டுப் போயிருக்கலாம். வாக்குவாதப்படாமல் அந்த இடத்திலயே ட்ரைவைப் பாதியாக்கி இப்ப எப்பிடி எண்டு கேளுங்கோ. பவர் 3 டீபீ இறங்கினதுக்கு ஸ்பிளாட்டர் 9 டீபீ, அதுக்கும் மேல இறங்கினா பிழை உங்கட லீனியரில இருக்கலாம், ஆனா அவற்ற ரிசீவர் நிரம்பினாலும் இப்பிடித்தான் இறங்கும். ஸ்பிளாட்டரும் அதே 3 டீபீதான் இறங்கினா லீனியரை பைபாஸ் பண்ணி ரிக்கை மட்டும் போட்டுப் பாருங்கோ, பிழை ரிக்கில இருக்கலாம், ஐடில் கரண்டில இருக்கலாம். அவருக்கு நேரம் இருந்தா அற்றனுவேற்றர் போட்டுக் கேக்கச் சொல்லுங்கோ. காரணம் பிடிபடும் வரைக்கும் லீனியரை நிப்பாட்டி வைச்சிட்டு 100 வாட்டில கதையுங்கோ, பின்னேரம் 40 மீற்றரில மதுரைக்கும் கொச்சிக்கும் அது தாராளமாப் போகும்.